சிந்து நடந்த வழி

மேசைமேல் இரண்டு கைகளையும் வையுங்கள். இடக்கை, ஆள் நடக்கிற வேகத்தில், ஒன்று இரண்டு ஒன்று இரண்டு என்று தட்டிக்கொண்டே இருக்கட்டும். அந்த ஒவ்வொரு தட்டுக்குள்ளும் வலக்கை மூன்று முறை விழட்டும்: தகிட, தகிட. கொஞ்ச நேரத்தில் தோள் தானாக அசையத் தொடங்கும். கச்சேரி வித்வான் இதைத் திஸ்ர நடை என்பார். சிந்து என்ற பாட்டு வகைக்கு இலக்கணம் எழுதிய புதுச்சேரி அறிஞர் இரா. திருமுருகன் மும்மை நடை என்பார். சென்னை ரெக்கார்டிங் தியேட்டரில் கேட்டால் ‘சிக்ஸ் எயிட்’. கோயில் கொடை விழாவில் தவில் வாசிப்பவர் பெயர் எதுவும் சொல்லாமல் வாசித்தே காட்டிவிடுவார்.

உலகத்தில் பல இடங்களில் இந்த நடை தனித்தனியாகப் பிறந்து வளர்ந்திருக்கிறது. அயர்லாந்தின் ஜிக் ஆட்டமும் மேற்கு ஆப்பிரிக்க மணித்தாளங்களும் இதே எண்ணிக்கையைத் தங்கள் வழியில் பங்கு போட்டுக்கொள்கின்றன. தமிழ்ப் பாட்டுக்குள் இது வந்த தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், தென்காசி மாவட்டத்தின் ஒரு நடைபாதையில் போய் நிற்கிறோம். ஊற்றுமலையிலிருந்து கழுகுமலைக்குக் காவடி போன பாதை அது.

ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை வீரகேரளம்புதூரில் இருந்தது. ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போனவர். அவருடைய அவைப் புலவர் அண்ணாமலை ரெட்டியார், சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்துக்காரர். 1865ல் பிறந்து 1891ல் மறைந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்துக்குப் போய்த் தமிழ் படித்தார். அப்போது ஆதீனத் தலைவராக இருந்த சுப்பிரமணிய தேசிகர் தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் பிறந்தவர் என்பதால், தூர தேசத்திலும் ரெட்டியாருக்குச் சொந்த ஊர்ப் பேச்சு காதில் விழுந்திருக்கும். யமகம், திரிபு என்ற சொல் விளையாட்டுகள் ரெட்டியாருக்குக் கைவந்தவை. சங்கரன்கோவில் திரிபந்தாதி அவர் பாடியதுதான். அந்த அந்தாதியைத் தேடிப் படிக்கப் புலவர்கள் வேண்டும். அவர் பாடிய காவடிச் சிந்துக்குப் புலவர்கள் தேவைப்படவில்லை. ஜமீன்தார் காவடியோடு நடக்க, கூடவே நடந்த புலவர் வழிநெடுகப் பாடினார் என்பது இன்றும் அந்தப் பக்கம் சொல்லப்படுகிற செய்தி.

நடையை ரெட்டியார் கண்டுபிடிக்கவில்லை. வழிநடைச் சிந்து என்று யாத்திரை போகிறவர்கள் பாடுவது அவருக்கு முன்பே இருந்தது. அவர் ஊருக்கு மேற்கே, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே மேலகரத்தில் இருந்துகொண்டு திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடியபோது, சிங்கனும் சிங்கியும் பேசிக்கொள்கிற பகுதிகளுக்குச் சிந்தைத்தான் எடுத்துக்கொண்டார். மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அதற்காகக் கொடுத்த நிலம் குறவஞ்சி மேடு என்றே வழங்கியது. 1944ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் அதை நாட்டிய நாடகமாக்கினார்; இசை அமைத்தவர் வீணை கிருஷ்ணமாச்சாரியார். குற்றாலத்து அருவிக்கரையில் இருந்த நடை அன்றைக்கே மேடை ஏறிவிட்டது. ஆனால் குறவஞ்சிச் சிந்து ஆடுகிறவர்களுக்கானது. ரெட்டியாருடையது நடக்கிறவர்களுக்கானது. எனக்கு இந்த வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பின்னால் இந்த நடைக்கு நேர்ந்த நல்லதும் கெட்டதும் அந்தக் காலடியைச் சுற்றித்தான்.

காவடி தோளில் இருக்கும்போது ஓட முடியாது, தள்ளாடவும் கூடாது. தண்டின் இரண்டு முனையிலும் செம்பு தொங்கினால் காலடி ஒரே சீராக விழுந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பால் சிந்திவிடும். மேற்கே மலையும் வயலுமாக இருக்கிற நிலம் கிழக்கே போகப் போகக் கரிசலாக மாறும். நிழல் குறையும். அந்த நடையில் காலுக்குச் சீர் வேண்டும், மனதுக்குச் சலிப்புத் தட்டாத ஏதோ ஒன்றும் வேண்டும். காலடியை நான்காக உடைத்துப் பாடினால் எல்லாம் சமமாக விழும். படை நடைக்கு அது பொருந்தும். மூன்றாக உடைத்தால் கதை வேறு. முதல் இரண்டு எண்ணும் சேர்ந்து ஒரு நெடிலாக நீளும், மூன்றாவது எண் குறிலாக வந்து அடுத்த காலடிக்கு உந்தித் தள்ளும். தா...கி, தா...கி. ஊன்றிய கால் எழும்புகிற நேரமும் அந்தக் குறில் விழுகிற நேரமும் ஒன்றாக இருக்கும். களைத்த காலை அடுத்த அடி எடுத்து வைக்கச் செய்வது அந்தச் சின்ன எழுத்துத்தான்.

சிந்தில் இன்னும் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. இரண்டுமே பின்னாளில் ரிதம் செக்‌ஷன்காரர்களுக்குப் பெரிய உதவி. அடியைப் பாதியாகப் பிரித்து நடுவில் ஒரு தனிச்சொல்லை நிறுத்துவது ஒன்று. அந்த இடத்தில் பாடுபவருக்கு மூச்சு கிடைக்கும், மேளக்காரருக்குப் பதில் சொல்ல இடம் கிடைக்கும். மற்றொன்று முடுகு. குற்றெழுத்துகள் அடுக்கடுக்காக வந்து நாக்கைச் சுழற்றும், ஆனால் காலடி வேகம் கூடாது. நடை அதே நடை. அதற்குள் நெருக்கம் மட்டும் கூடும். பாட்டை விறுவிறுப்பாக்க வேண்டும் என்றாலே லயத்தை ஓட்டிவிடுகிற இன்றைய வழக்கத்தைப் பார்க்கும்போது, இருபத்தாறு வயதுக்குள் மறைந்துபோன ஒரு புலவர் இதை எவ்வளவு தெளிவாகப் பிடித்திருந்தார் என்று வியப்பாக இருக்கிறது.

இனி இந்த நடை வாத்தியங்களுக்குள் எப்படிக் குடியேறியது என்று பார்ப்போம். தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்துக் கோயில் கொடைகளுக்குப் போனால் நையாண்டி மேளத்தைக் கேட்கலாம். பொதுவாக இரண்டு நாகசுரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, கைத்தாளம். பாட்டு நாகசுரத்திடம் இருக்கிறது. மிச்சம் உள்ளவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே ஆறு எண்ணைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ரிதம் செக்‌ஷனில் இருக்கிற வேலையே அதுதான். எல்லாரும் எல்லா எண்ணையும் வாசித்தால் இரைச்சல். ஒருவர் வாசித்து மற்றவர் சும்மா இருந்தால் மேளம் இல்லை.

தவிலைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பங்கீடு ஒரே ஆளிடமே தொடங்கிவிடுவது தெரியும். பலா மரத்தைக் குடைந்து செய்த உடல். இடப்பக்கத்துத் தொப்பியைப் பூவரசங்கழியால் அடிப்பார்கள். வலந்தலையை, துணியும் பசையும் சுற்றி இறுக்கிய கூடுகளை மாட்டிய விரல்களால் வாசிப்பார்கள். தொப்பியில் விழும் கழியடி தாழ்ந்து முழங்கும்; அது காலடி. ஆறில் ஒன்றாம் எண்ணிலும் நான்காம் எண்ணிலும் அது இருக்கும். வலந்தலை விரல்கள் சொற்களை நிரப்பும்; அது நாக்கு. ரெட்டியாரின் காலும் வாயும் ஒரே வாத்தியத்தின் இரண்டு முகங்களுக்குப் போய்விட்டன.

இரண்டாவது தவில் அதையே திருப்பி வாசிக்காது. முதல் தவில் சொல்லை விரிக்கும்போது இரண்டாவது தவில் காலடியைப் பிடித்துக்கொள்ளும். முதல் தவில் காலடிக்குத் திரும்பியதும் இரண்டாவது கிளம்பும். பம்பைக்காரர் இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு முழவுகளோடு நிற்கிறார். அவர் கை மாறும்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது ஒருவர் ஆட ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். காரணம் இதுதான். ஆறு எண்ணை இரண்டு மூன்றாகவும் பிரிக்கலாம், மூன்று இரண்டாகவும் பிரிக்கலாம். கால் ஒன்றிலும் நான்கிலும் விழுந்துகொண்டிருக்கும்போதே பம்பை ஒன்று, மூன்று, ஐந்து என்று அடிக்கத் தொடங்கினால், இரண்டும் முதல் எண்ணில் மட்டும் சந்தித்துவிட்டுப் பிறகு பிரிந்துபோகும். அடுத்த சுற்றின் தொடக்கத்தில் மறுபடி சந்திக்கும். கேட்கிற உடம்பு இரண்டையும் பிடிக்க முயலும், அதுதான் ஆட்டம். மேசைமேல் வைத்த கைகளால் இதையும் செய்து பார்க்கலாம்: இடக்கை இரண்டு தட்டும் நேரத்தில் வலக்கை சரியாக மூன்று தட்ட வேண்டும். முதல் தடவையிலேயே வராது. பம்பைக்காரருக்கு அது யோசிக்காமல் வரும்.

தாழ்ந்த ஒலிக்கு ஓர் ஆள், உயர்ந்த ஒலிக்கு ஓர் ஆள் என்ற ஏற்பாடு இந்த வட்டாரத்தில் மேளத்தோடு நிற்கவில்லை. சுடலைமாடன் கோயில் கொடையில் ஆடும் கணியான் கூத்தில் மகுடம் என்ற தோல் கருவிகள் இரண்டு உண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். தோல் தளர்ந்தால் நெருப்பில் காட்டிச் சுருதியைத் தூக்கிக்கொள்வார்கள். வில்லுப்பாட்டிலோ அடியொலி குடத்திடம் இருக்கிறது. குடத்தின் வாயில் பத்தி என்ற மட்டையால் அடித்தால் வயிற்றில் உணரலாம். உடுக்கை நடுவில் பேசும். வில்லின் மணிகளும் கட்டையும் தாளமும் மேலே மினுங்கும். திருநெல்வேலிச் சீமை சத்திரப்புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் இந்தக் குழுவைச் சென்னை வரைக்கும் கொண்டுபோய் வானொலியிலும் மேடையிலும் நிலைநிறுத்தினார். 2021ல் பத்மஸ்ரீ வாங்கி 2022ல் மறைந்தார். டிரம்ஸ், பேஸ் கிடார், ரிதம் கிடார், ஷேக்கர் என்று மேலைநாட்டார் அடுக்கிய வரிசையை, கீழ் நடு மேல் என்று, இங்கே கொடை மேடையில் எப்போதோ அடுக்கிவிட்டார்கள்.

சிந்து வேறு திசைகளிலும் போனது. கச்சேரி மேடையில் செஞ்சுருட்டி ராகத்தின் சாயலோடு துக்கடாவாக நின்றுகொண்டது. அங்கே மிருதங்கம் அதற்கு மரியாதையாக, கொஞ்சம் அடக்கமாக வாசிக்கும். கழுகுமலைக்குப் பக்கத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, சிந்து வகைகளை அரசியலுக்கும் காவியத்துக்கும் திருப்பினார்; 1912ல் முதல் பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதம் சிந்து நடைகளில் ஓடுகிறது. இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள்.

கடல் கடந்த காவடியைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை. மலேசியாவில் பத்துமலைத் தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் போவது உறுமி மேளம். இளைஞர்கள் குழுக்களாகச் சேர்ந்து ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுக்கிறார்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் உறுமல் கீழே, தவில் அடியும் தாளமும் மேலே. சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கே தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்க 1973லிருந்து தடை இருந்தது. 2016ல்தான் பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடியாக வாசிக்க அனுமதி கிடைத்தது. அத்தனை ஆண்டுகளும் காவடி எடுத்தவர்கள் கூட வந்தவர்களின் குரலையும் கைத்தட்டலையும் வைத்தே நடந்தார்கள். மேளத்தை எடுத்துவிட்டாலும் காலடி போகவில்லை. கை தட்டினால் போதும், அந்த ஒன்றும் நான்கும் கிடைத்துவிடும்.

சினிமாவுக்குள் இது போன கதை கொஞ்சம் நீளமானது. முதலில் உள்ளே போனது, கோயில் நாகசுரக் குழுவான பெரிய மேளத்தின் கௌரவம். நெல்லைச் சீமைக் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம் 1962ல் ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்து ஒலித்தது. 1968ல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்குக் கே.வி. மகாதேவன் இசையில் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தார்கள். நையாண்டி மேளத்துக்கு அந்த மரியாதை அப்போது கிடைக்கவில்லை. திருவிழாக் காட்சியின் பின்னணிச் சத்தமாகத்தான் அது பெரும்பாலும் இருந்தது.

ஆனால் திஸ்ர நடை மட்டும் ஏற்கெனவே பாட்டுக்குள் வந்துவிட்டது, வேறு உடை உடுத்திக்கொண்டு. இசையமைப்பாளர்கள் விஸ்வநாதன், ராமமூர்த்தி காலத்து ரெக்கார்டிங் தியேட்டரில் தபேலா, டோலக், பாங்கோஸ், கூடவே நின்று வாசிக்கிற டபுள் பேஸ். எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். யாராவது தப்பு செய்தால் முதலிலிருந்து. அந்தக் கட்டுப்பாடு ஒரு நல்ல பழக்கத்தைக் கொடுத்தது: பக்கத்தில் இருப்பவர் எந்த எண்ணில் வாசிக்கிறார் என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அவர் விட்ட எண்ணில் கையை வைப்பது. தவிலைப் போன்ற உரத்த வாத்தியம் வந்தால் மைக்கிலிருந்து தள்ளி உட்காரவைத்தால்தான் புல்லாங்குழல் பிழைக்கும். மிக்ஸிங் என்பது அன்று பெரும்பாலும் நாற்காலியை நகர்த்துவதாக இருந்தது.

1976ல் ‘அன்னக்கிளி’ வந்தது. பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனோடு கிராமத்து மேடைகளில் வாசித்து வளர்ந்தவர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர். எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுப்பது அவர் வழி. ரிதம் பங்கீட்டில் அவர் செய்ததில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது பேஸ் கிடார். சசிதரன் வாசித்த அந்தப் பேஸ் வரிகளைத் தனியாகக் கேட்டாலே ஒரு பாட்டு இருக்கும். டபுள் பேஸ் பெரும்பாலும் தாங்குகிற வேலையைச் செய்தது. இவரிடம் பேஸ் நடந்தது, நடந்துகொண்டே பாடியது. தொப்பியடியின் முழக்கத்துக்குச் சுரம் கிடைத்தது என்று சொல்லலாம். ஒன்றாம் எண்ணிலும் நான்காம் எண்ணிலும் பேஸ் ஊன்றிவிட்டால், டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் கைகளுக்குச் சுதந்திரம் வந்துவிடுகிறது. கிக் டிரம் எல்லா அடியையும் இடிக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. தவிலையும் டிரம்ஸையும் ஒரே பாட்டில் வைத்தால் சண்டை வரும். தொப்பியின் முழக்கமும் கிக் டிரம்மின் முழக்கமும் ஒலியின் ஒரே தாழ்ந்த பகுதியில் விழுகின்றன. இரண்டும் ஒன்றாம் எண்ணில் சேர்ந்தால் தெளிவு போய்க் கூழாகிவிடும். தீர்வு இரண்டு விதம். தவில் வரும் இடத்தில் கிக்கை நிறுத்திவிடுவது. அல்லது தவிலுக்குக் காலடி வேலையே கொடுக்காமல் வலந்தலைச் சொற்களை மட்டும் கேட்டு வாங்குவது. 1989ல் ‘கரகாட்டக்காரன்’ வந்தபோது கரகமும் நையாண்டி மேளமும் படத்தின் நடுவிலேயே வந்து நின்றன. கொடைக்குக் கொடை கேட்ட சத்தம் தியேட்டர் ஸ்பீக்கரில் அதன் உயரத்தோடேயே கேட்டதும் தென் மாவட்டத்து ஜனங்கள் அதைத் தங்கள் படமாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது.

பிறகு வந்தது பேட். ரோலண்ட் கம்பெனி 1985ல் ஆக்டபேடை வெளியிட்டது: எட்டு ரப்பர் சதுரங்கள், இரண்டு குச்சிகள், கூட இணைத்த ஒலிக்கருவியிலிருந்து எந்த வாத்தியத்தின் குரலும். திருவிழா இன்னிசைக் கச்சேரிகளை அது மாற்றிப்போட்டது. தபேலா, டோலக், தவில், பம்பை, உறுமி என்று ஐந்து பேருக்குச் சம்பளமும் சாப்பாடும் வண்டியில் இடமும் கொடுக்க முடியாத குழு, ஒரே ஆளை வைத்து மேடை ஏறியது. பேட் வாசிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களில் அசாத்தியத் திறமைசாலிகள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு கைக்கு ஒரு நேரத்தில் இரண்டு அடிதான் விழும். தொப்பியடி வாசித்துக்கொண்டே, வலந்தலைச் சொல்லை விரித்துக்கொண்டே, பம்பையின் ஒன்று மூன்று ஐந்தையும் எடுக்க யாராலும் முடியாது. எனவே முதலில் கழன்று விழுந்தது அந்த மூன்றுக்கு இரண்டு என்கிற இழுபறி. ஆட்டம் ஆடவைக்கிற பகுதியே அதுதான். அதை ஈடுகட்டச் சத்தத்தையும் வேகத்தையும் கூட்டினார்கள்.

கம்ப்யூட்டரில் ரிதம் போடும் வழக்கம் வந்தபின் இன்னொரு சிக்கல். ‘புன்னகை மன்னன்’ காலத்திலேயே, 1986ல், இளையராஜா இயந்திரத்தை வாசிக்க வைத்துப் பார்த்துவிட்டார். இயந்திரம் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். சிக்கல், மூன்று எண்ணையும் மயிரிழை பிசகாமல் சமமாக வெட்டிவைப்பதில் இருக்கிறது. நடக்கிற மனிதன் அப்படி நடப்பதில்லை. தவில்காரர் மூன்றாவது எண்ணைச் சற்றுத் தாமதித்து, அடுத்த அடிக்குத் தள்ளிவிடுவார். அந்தத் தாமதம் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும்; ஒருவரின் வாசிப்பை இன்னொருவருடையதிலிருந்து பிரித்துக் காட்டுவதும் அதுதான். கட்டத்துக்குள் இழுத்துச் சமமாக்கியதும் தா...கி என்ற நெடில் குறில் போய் டிக் டிக் டிக் என்றாகிவிடுகிறது. கவனமுள்ள இசையமைப்பாளர்கள் இதைத் தெரிந்துகொண்டு, லூப்பை ஓடவிட்டு அதன்மேல் ஒரு தவிலையோ பம்பையையோ ஆள் வைத்து வாசித்துப் பதிவு செய்கிறார்கள். ஒரே ஒரு மனிதக் கை போதும், மொத்தமும் அதன் பின்னால் நடந்து வந்துவிடும்.

2008ல் விஜய் ஆண்டனியின் ‘நாக்க முக்க’ வெளிவந்தபோது இந்த ஆறு எண் நடை அதன் மிக வேகமான, மிகவும் உடைத்துப் போட்ட வடிவத்தில் நாடு முழுக்கக் கேட்டது. 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கிய ‘நாட்டு நாட்டு’ பாட்டும் சிக்ஸ் எயிட்தான். அதற்கு இசையமைத்த கீரவாணி தெலுங்கு நாட்டில் காதில் விழுந்த நடையை எடுத்தார், ஊற்றுமலையில் அல்ல. சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை. அதில் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. அவ்வளவு வேகத்திலும் இரண்டு ஆட்டக்காரர்களின் கால்கள் எங்கே ஊன்றுகின்றன என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். காலடியை யாரோ ஒருவர் விடாமல் பிடித்திருக்கிறார். அதை மூடிவிடாமல் மேலே உள்ளவர்கள் இடம் விட்டிருக்கிறார்கள். குத்துப் பாட்டு என்ற பெயரில் வந்து ஒரு மாதத்தில் மறக்கப்படுகிற பலவற்றில் இல்லாதது அதுதான்: கீபோர்டும் லூப்பும் கிக்கும் கைத்தட்டலும் ஆறு எண்ணிலும் நெருக்கியடித்து நிற்கின்றன, கால் வைக்க இடமில்லை.

ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்றோடு குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிடும். அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிற நாட்களில் சாரல் திருவிழா நடத்துவார்கள். கலைவாணர் அரங்கத்து மேடையில் கரகமும் வில்லுப்பாட்டும் இன்னிசையும் மாறி மாறி வரும். அங்கே ஒருநாள் ரெட்டியாரின் காவடிச் சிந்தை ஓர் இன்னிசைக் குழு முழு ரிதம் செக்‌ஷனோடு வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. எப்படி என்று யோசித்தும் வைத்திருக்கிறேன்.

வேகம் நடக்கிற வேகம். அதை ஒரு பாட்டுக்குள் எதற்காகவும் கூட்டக் கூடாது. பேஸ் கிடார் மட்டும் நான்கு சுற்று, ஒன்றிலும் நான்கிலும். வேறு எதுவும் வேண்டாம். பாடுபவர் பல்லவியை அதன்மேல் எடுக்கட்டும். தனிச்சொல் வருகிற இடத்தில் தபேலா முதல் தடவையாகப் பேசலாம், இரண்டே சொல். அனுபல்லவியில் ரிதம் கிடார் இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு என்ற எண்களில் மட்டும் கம்பியைத் தொடட்டும், காலடி எண்களை விட்டுவிட்டு. முதல் சரணத்தில் முடுகு வரும்போது தவில்காரர் வலந்தலையைத் திறப்பார். அந்த நேரத்தில் டிரம்ஸ் கிக்கைத் தொடாது, சிம்பலையும் தொடாது. இரண்டாவது சரணத்துக்குப் பின்னால் வரும் இசையில் நாகசுரத்தோடு பம்பை ஒன்று மூன்று ஐந்தைப் போடட்டும், எட்டே சுற்று, எண்ணி எட்டு. அதற்குமேல் போனால் ஜனம் காலடியை மறந்துவிடும். பேட் இந்தப் பாட்டில் வேண்டியதில்லை. அதை வாசிக்கிறவர் கையில் ஜால்ராவைக் கொடுக்க வேண்டும், ஒன்றில் திறந்தும் நான்கில் மூடியும் பாட்டு முழுக்க மாறாமல் தட்டுவதற்கு. குழுவிலேயே லயம் உறுதியான ஆளைத்தான் அந்த இடத்தில் உட்காரவைக்க முடியும், பெரும்பாலும் அது அவராகத்தான் இருக்கும்.